கமாவுக்கு முன்னால் என்ன இருக்கிறது?

எங்கள் ஊருக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் வைத்தார்கள். ஆனாலும் கடைக்கு வரும் பெரியவர்கள் பாரத்தில் முகவரி எழுதும்போது முதலில் பத்தாங் பெர்ஜுந்தை என்று எழுதிவிட்டு, அப்புறம் அதை அடித்து மாற்றுகிறார்கள். நாலா பக்கமும் செம்பனைதான். மலேசியாவில் வியாபாரத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்ட தென்னமரம் எஸ்டேட் இந்தப் பக்கம்தான் இருக்கிறது, நட்டது 1917இல். எங்கள் அப்பா வேறொரு தோட்டத்தில் கிராணி (எழுத்தர்). பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்ததையும், லயத்து வீடுகளை விட்டு எல்லாரும் தாமான் வீடுகளுக்கு வந்ததையும் பார்த்தவர். நான் டவுனில் ஒரு போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பது, பாரம் நிரப்பித் தருவது, கல்யாணக் கார்டு அடிப்பது, அதோடு கம்ப்யூட்டரில் ஏதாவது ஓடவில்லை என்றால் பார்த்துத் தருவது.

கடைசியாகச் சொன்ன வேலையில் நான் கேட்கும் முதல் கேள்வி, "உங்க மெஷின்ல இருக்கிற விண்டோஸ் 32-பிட்டா, 64-பிட்டா?" என்பது. முன்பு நான் இதைக் கேட்டதே இல்லை. கேட்காமல் விட்டதால் ஒரு திருவிழாவையே கெடுக்கப் பார்த்தேன். அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

2020 ஜனவரி 14ஆம் தேதியோடு விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் ஆபிசில் ஒரு பழைய கம்ப்யூட்டர் விண்டோஸ் 7இல் ஓடிக்கொண்டிருந்தது. கோயில் பொருளாளர் அப்பாவின் கூட்டாளி, நான் மாமா என்று கூப்பிடுபவர். தைப்பூசம் முடிந்த கையோடு அவர் கடைக்கு வந்து, "அதைப் புதுசா மாத்தணும்னு எல்லாரும் சொல்றாங்கம்மா, நீ கொஞ்சம் பாரேன்" என்றார். மாசித் திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. செய்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

போய்ப் பார்த்தேன். கோர் 2 டுவோ சிப், 4 ஜிபி மெமரி. ஆனால் சிஸ்டம் பக்கத்தில் 4 ஜிபி என்று எழுதி, அதற்குப் பக்கத்திலேயே 3.25 ஜிபிதான் பயன்படும் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே 32-பிட் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று ஒரு வரி. அந்த வரியைப் பார்த்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை. கடையில் என் கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்டின் தயாரிப்புக் கருவியை வைத்து விண்டோஸ் 10ஐ ஒரு பென்டிரைவில் ஏற்றினேன். அதில் 'இந்தக் கம்ப்யூட்டருக்குப் பரிந்துரைக்கப்படும் தேர்வுகள்' என்று ஒரு கட்டம் உண்டு. டிக் ஏற்கெனவே போட்டிருக்கும். அப்படியே விட்டுவிட்டேன். 'இந்தக் கம்ப்யூட்டர்' என்று அது சொல்வது, அந்த நேரத்தில் கருவி ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரை. அதாவது என் கடை மெஷினை. அது 64-பிட். டிக்கை எடுத்திருந்தால் 32, 64, இரண்டுமே என்று கேட்டிருக்கும்.

பென்டிரைவைக் கோயில் மெஷினில் சொருகி, விண்டோஸ் 7க்கு உள்ளே இருந்தபடியே செட்டப்பைத் தட்டினேன். 'இந்தக் கோப்பு உங்கள் விண்டோஸ் பதிப்போடு பொருந்தாது. உங்களுக்கு எக்ஸ்86 (32-பிட்) வேண்டுமா எக்ஸ்64 (64-பிட்) வேண்டுமா என்று சிஸ்டம் தகவலில் பாருங்கள்' என்று ஒரு செய்தி வந்தது. விஷயம் முழுவதும் அந்த ஒரே செய்தியில் இருந்தது. நான் சரியாகப் படிக்கவில்லை. பழைய விண்டோஸ் மக்கர் பண்ணுகிறது என்று நினைத்து, மெஷினை அணைத்து, பென்டிரைவிலிருந்தே கிளப்பி, பழையதை அழித்துப் புதியதைப் போட்டேன். அப்போது ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. சிப் 64-பிட்டுக்கு ஏற்றது என்பதால் விண்டோஸ் 10 அழகாக ஏறியது. 4 ஜிபியும் கண்ணில் தெரிந்தது. மாமாவுக்கு சந்தோஷம், எனக்கும்தான்.

மறுநாள் காலையில் போன் வந்தது. "அம்மா, ரசீது ஓடலம்மா."

கோயில் ரசீது நிரலை 1990களில் தோட்டத்துப் பையன் ஒருவன் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் முறையில் எழுதிக் கொடுத்திருந்தான். சந்தா, உபயம், அர்ச்சனை என்று எல்லாக் கணக்கும் அதற்குள். பெயர்கள் ரூமி எழுத்தில், அதாவது ஆங்கில எழுத்தில் இருக்கும். நீலத் திரையில் பெயரைத் தட்டினால், பக்கத்தில் இருக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கரகரவென்று மூன்று படி ரசீது அடித்துத் தரும். இருபது வருஷத்துக்கு மேலாக எந்தக் குடும்பம் எந்த நாள் உபயம் எடுக்கிறது என்ற வரிசை அதில்தான் இருந்தது. அந்த வரிசை மாறினால் தோட்டத்தில் மனஸ்தாபம் வரும். இதை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். மூன்றாம் நாள் உபயம் தாத்தா காலத்திலிருந்து எங்களுடையது என்று ஒரு குடும்பம் சொன்னால், அதற்கு ஆதாரம் அந்த நீலத் திரைதான்.

அதைத் தட்டினால் 'இந்தச் செயலி உங்கள் கணினியில் இயங்காது' என்று மட்டும் வந்தது. காரணம் சொல்லவில்லை. நல்ல வேளையாக, அழிப்பதற்கு முன் அந்த ஃபோல்டரை முழுவதும் பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தேன். கணக்கு பத்திரமாக இருந்தது, திறக்கத்தான் முடியவில்லை. டாஸ்பாக்ஸ் என்ற நிரலைப் போட்டு அதற்குள் ஓடவிட்டுப் பார்த்தேன். நீலத் திரை வந்தது, பெயர்கள் வந்தன. பிரிண்டர் மட்டும் அசையவில்லை. விளையாட்டுகளுக்காக எழுதிய நிரல் அது. பிரிண்டர் மாட்டும் போர்ட்டுக்கு அதில் வழி வைக்கவில்லை. இரண்டு இரவு உட்கார்ந்தேன். கோயில் ஆபிசில் மாமா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

மூன்றாம் நாள்தான் காரணம் பிடிபட்டது. டாஸ் காலத்து நிரல்கள் 16-பிட். 32-பிட் விண்டோஸுக்குள் அவற்றை ஓட்டுவதற்கென்றே என்டிவிடிஎம் என்று ஒரு பகுதி உண்டு. 64-பிட் விண்டோஸில் அது கிடையாது. சிப் 64-பிட் முறையில் ஓடும்போது, டாஸ் நிரல்கள் நம்பியிருக்கும் அந்தப் பழைய 8086 பாணி முறை சிப்பிலேயே மூடிவிடுகிறது. அதனால் எந்த அமைப்பை மாற்றித் தட்டினாலும் அது வரப்போவதில்லை. மெஷின் அதே மெஷின், விண்டோஸ் 10உம் குற்றமில்லை. நான் போட்ட பதிப்பின் கட்டமைப்புதான் அந்த நிரலுக்கு ஒவ்வாதது.

திரும்பக் கடைக்கு வந்து, அந்த டிக்கை எடுத்து, 32-பிட் விண்டோஸ் 10ஐ ஏற்றிக்கொண்டு போய், இன்னொரு தடவை அழித்துப் போட்டேன். விண்டோஸ் உரிமம் இரண்டு பதிப்புக்கும் செல்லும். அதற்காகத் தனியாகக் காசு கட்ட வேண்டியதில்லை. ரசீது நிரலைத் தட்டியதும் என்டிவிடிஎம் வேண்டுமா என்று அதுவே கேட்டது. சரி என்றேன். நீலத் திரை வந்தது. மாமாவின் பெயரில் ஒரு ரிங்கிட் அர்ச்சனை ரசீது தட்டினேன், பிரிண்டர் கரகரத்தது. மெமரி மறுபடியும் 3.25 ஆகிவிட்டது. இரண்டு பேரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

அந்த 3.25 ஏன் என்று அன்று இரவு மாமா கேட்டார். தோட்டத்து ஆள்களின் பெயரைப் பதியும் அப்பாவின் செக்ரோல் புத்தகத்தை வைத்துத்தான் அவருக்குச் சொன்னேன். செக்ரோலில் ஆள் நம்பர் எழுத மூன்றே கட்டம் இருக்கிறது என்று வையுங்கள். 000 முதல் 999 வரை ஆயிரம் பேரைத்தான் பதியலாம். தோட்டத்தில் ஆயிரத்து ஐந்நூறு பேர் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வந்து நின்றாலும், மிச்சம் ஐந்நூறு பேருக்குப் பேர் போட இடமில்லை. ஆள் இருக்கிறார், கணக்கில் இல்லை. கம்ப்யூட்டரில் கட்டத்துக்கு இரண்டே எண்தான், 0 அல்லது 1. அப்படி 32 கட்டம் இருந்தால் 4,294,967,296 இடங்களுக்கு நம்பர் கொடுக்கலாம். அதுதான் 4 ஜிபி. அதிலும் கொஞ்சம் நம்பரைத் திரை அட்டைக்கும் மற்றக் கருவிகளுக்கும் ஒதுக்கிவிடுவதால் மெமரிக்கு மிஞ்சுவது மூன்றே சொச்சம். 64 கட்டம் என்றால் இரண்டு மடங்கு என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு கட்டம் கூடும்போதும் முன்னிருந்தது இரட்டிக்கும். அதனால் இன்றைக்கு யாரும் வாங்கக்கூடிய மெமரிக்கெல்லாம் நம்பர் போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கும்.

திருவிழா நடந்தது. உபய வரிசை மாறவில்லை. அது முடிந்து கொஞ்ச நாளில், மார்ச் 18ஆம் தேதி, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து ஊரே மூடிக்கொண்டது.

கடையைப் பூட்டினேனே தவிர, என் போன் ஓயவில்லை. பள்ளிக்கூடம் வீட்டுக்கு வந்துவிட்டது. அண்ணன் தூக்கிப்போட்ட லேப்டாப், யாரோ ஒரு உறவினரின் ஆபிஸில் கழித்துக்கட்டிய லேப்டாப் என்று அலமாரியில் கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. மெஷினை நான் தொட்டுப் பார்க்க முடியாது. அந்தப் பக்கம் இருப்பவர்களோ பதினைந்து பதினாறு வயசுப் பிள்ளைகள், அல்லது அவர்களுடைய அம்மாக்கள். அவர்களிடம் எதைக் கேட்டால் எனக்கு ஒரே மூச்சில் நிலைமை தெரியும் என்று தேடித்தேடித்தான் அந்த ஒரு வரிக்கு வந்து சேர்ந்தேன்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் கடைசியாக அபௌட். வழி மறந்தால் விண்டோஸ் பட்டனோடு பாஸ் (Pause) பட்டனை அழுத்தலாம். பாஸ் பட்டன் இல்லாத லேப்டாப்தான் இப்போது அதிகம், அதனால் செட்டிங்ஸ் வழியையே சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பக்கத்தில் சிஸ்டம் டைப் என்று ஒரு வரி இருக்கும். அதில் நடுவில் ஒரு கமா. கமாவுக்கு முன்னால் இருப்பது விண்டோஸ் எது என்று சொல்கிறது. கமாவுக்குப் பின்னால் இருப்பது சிப் எது என்று சொல்கிறது.

'64-பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பிராசஸர்' என்றால் இரண்டும் ஒத்துப்போகிறது. '32-பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பிராசஸர்' என்றால் சிப்புக்குத் தெம்பு இருக்கிறது, அதன் மேல் போட்டிருக்கும் விண்டோஸ் 32தான். '32-பிட், எக்ஸ்86' என்றால் பெரும்பாலும் சிப்பே பழையது. பெரும்பாலான ஆள்கள் தப்பு செய்வது நடுவில் சொன்ன அந்த இரண்டாவது வகையில். லேப்டாப்பின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்ப்பார்கள், கடைக்காரர் சொன்னதை நினைவு வைத்திருப்பார்கள், சிப்பின் பெயரைத் தேடி '64-பிட்' என்று படித்துவிடுவார்கள். அதெல்லாம் கமாவுக்குப் பின்னால் இருக்கும் சங்கதி. ஒரு நிரல் ஏறுமா ஏறாதா என்பதை முடிவு செய்வது கமாவுக்கு முன்னால் இருப்பது.

விண்டோஸ் 7 பக்கத்தில் இந்தக் கமாவே இருக்காது. முன்பாதி மட்டும்தான் எழுதியிருக்கும். கோயில் மெஷினில் நான் பார்த்தது அதைத்தான்.

அந்த நாள்களில் ஐந்தாம் படிவம் படிக்கும் ஒரு பெண், எஸ்பிஎம் பரீட்சை தள்ளிப்போன வருஷத்துப் பிள்ளை, ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாள். "அக்கா, கிளாஸுக்கு வேணும்னு போன் டேட்டாவிலேயே இறக்குனேன் அக்கா, ஏற மாட்டேங்குது, டேட்டா முடிஞ்சுபோச்சு." குரல் தழுதழுத்தது. அவர்கள் வீட்டில் அந்த டேட்டாவை மூன்று பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். வரியைப் படிக்கச் சொன்னேன். 32-பிட், எக்ஸ்64. மெமரி 2 ஜிபி. அவள் இறக்கியது 64-பிட் கோப்பு. அண்ணனுடைய சிநேகிதன் 64-பிட் விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்று சொன்னானாம், போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். 2 ஜிபி மெமரிக்கு 32 கட்டமே தாராளம். 64-பிட் பதிப்பு இன்னும் கூடுதலாக மெமரி தின்னும். அந்த லேப்டாப் மூச்சு வாங்கிவிடும். மறுநாள் அதே நிரலின் 32-பிட் கோப்பை நான் இறக்கி, பென்டிரைவில் போட்டு, கேட்டுக்கு வெளியே வைத்தேன். அவள் அப்பா சாமான் வாங்க வந்தபோது எடுத்துக்கொண்டு போனார். அந்த லேப்டாப்பிலேயே அவள் பரீட்சை வரைக்கும் படித்தாள்.

64 எப்போதும் உசத்தி என்று நினைப்பவர்களுக்கு இந்த இரண்டு மெஷினையும்தான் சொல்கிறேன். கோயில் மெஷினுக்கும் அந்தப் பிள்ளையின் லேப்டாப்புக்கும் 32தான் பொருத்தம்.

இன்னொரு அழைப்பு, எங்கள் ஊர் யுனிசெல் பல்கலைக்கழக வளாகத்தில் படித்து, இங்கேயே ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு பையனிடமிருந்து. பாடத்துக்கு ஏதோ ஒரு கருவியை இறக்க வேண்டும்; பட்டியலில் ஐ386, ஏஎம்டி64, ஏஆர்எம்64 என்று மூன்று கோப்பு. "அக்கா, என்னோடது இன்டெல் சிப், ஏஎம்டி எடுத்தா ஓடாதில்ல? அதான் ஐ386 எடுத்தேன்" என்றான். இந்தக் குழப்பம் இன்றுவரை வாரம் ஒரு தடவையாவது கடைக்கு வருகிறது. அந்தப் பெயர்களுக்குக் காரணம் தெரிந்தால் மறக்காது.

இன்டெல் 1978இல் 8086 என்று ஒரு சிப் கொண்டுவந்தது. அப்புறம் 80286, 1985இல் 80386. எல்லாம் 86இல் முடிந்ததால் அந்தக் குடும்பத்துக்கே எக்ஸ்86 என்று பெயர் நிலைத்தது. 80386இல்தான் அந்தக் குடும்பம் 32-பிட்டுக்கு வந்தது. அதனால்தான் இன்றைக்கும் 32-பிட் கோப்புக்கு எக்ஸ்86 என்றும் ஐ386 என்றும் பெயர். 64-பிட்டுக்கு இன்டெல் வேறு வழியில் போனது. இட்டேனியம் என்று, பழைய நிரல்களை மெதுவாகத்தான் ஓட்டும் புது வகையை 2001இல் கொண்டுவந்தது. ஏஎம்டி நிறுவனமோ பழைய எக்ஸ்86ஐயே 64 கட்டத்துக்கு நீட்டி 2003இல் ஆப்டெரான், அத்லான் 64 சிப்புகளை வெளியிட்டது. பழைய நிரலும் ஓடும், புதியதும் ஓடும். சந்தை அதைத்தான் எடுத்துக்கொண்டது. அடுத்த வருஷமே இன்டெலும் அதே முறையைத் தன் சிப்புகளில் சேர்த்தது. வழியைப் போட்டவர் பெயரிலேயே அது ஏஎம்டி64 ஆகிவிட்டது. ஆகவே எக்ஸ்64, எக்ஸ்86-64, ஏஎம்டி64 மூன்றும் ஒன்றுதான். இன்டெல் சிப் வைத்திருப்பவர் தயங்காமல் ஏஎம்டி64 கோப்பை எடுக்கலாம், கமாவுக்கு முன்னால் 64 என்று இருந்தால்.

அந்தப் பையனுக்குக் கறுப்புத் திரையில் பார்க்கத்தான் பிடிக்கும். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'செட் பிராசஸர்' என்ற இரண்டு சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டச் சொன்னேன். சிப்பைப் பற்றி விண்டோஸ் குறித்து வைத்திருக்கும் நாலைந்து வரி வரும்; ஆர்க்கிடெக்சர் என்று முடியும் வரியில் ஏஎம்டி64 என்று இருந்தால் 64-பிட் விண்டோஸ், எக்ஸ்86 என்று இருந்தால் 32. இதில் ஒரு சின்னப் பொறி உண்டு. 32-பிட் நிரல் ஒன்றின் உள்ளிருந்து இதே கேள்வியைக் கேட்டால், 64-பிட் விண்டோஸும் எக்ஸ்86 என்றே பதில் சொல்லும். பழைய நிரல் பயந்துவிடாமல் இருக்க விண்டோஸ் அதற்கு ஒரு 32-பிட் உலகத்தைக் காட்டுகிறது. அதனால் நான் அந்த அபௌட் பக்கத்தைத்தான் நம்புகிறேன். சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர் இரண்டு இருந்தால் 64, ஒன்றே ஒன்று இருந்தால் 32. அவசரத்துக்கு அதுவும் உதவும். ஃபோல்டர் பெயரில் வரும் நம்பரை மட்டும் நம்பாதீர்கள். 64-பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற ஃபோல்டருக்குள் இருப்பவை 64-பிட் கோப்புகள். 32-பிட் கோப்புகள் இருப்பது சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டரில். பழைய நிரல்கள் சிஸ்டம்32 என்ற பெயரைத் தேடி வரும் என்பதற்காக அதை அப்படியே விட்டுவைத்தார்கள்.

64-பிட் விண்டோஸில் 32-பிட் நிரல் ஓடும். 32-பிட் விண்டோஸில் 64-பிட் நிரல் ஓடாது. மாட்டும் கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவருக்கு இந்தச் சலுகை இரண்டு பக்கமும் இல்லை. பிரிண்டர், ஸ்கேனர், கார்டு ரீடர் என்று எதை மாட்டினாலும், அதன் டிரைவர் கமாவுக்கு முன்னால் இருப்பதோடு சரியாகப் பொருந்த வேண்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவருக்கு இதே சிக்கல் எக்ஸெல்லில் வந்தது. விண்டோஸ் 64, ஆனால் அவருடைய ஆஃபிஸ் 32-பிட். இணைக்க வேண்டிய துணை நிரலின் 64-பிட் பதிப்பைப் போட்டுப்போட்டுப் பார்த்து ஓய்ந்துபோயிருந்தார். அங்கே துணை நிரல் விண்டோஸைப் பார்ப்பதில்லை, ஆஃபிஸைப் பார்க்கும். 32ஐப் போட்டதும் ஒட்டிக்கொண்டது.

2024இலிருந்து மூன்றாவது ஒரு வகையும் எங்கள் ஊருக்கு வந்துவிட்டது. அந்த வருஷம் ஜூன் மாதம் ஸ்னாப்டிராகன் சிப் வைத்த விண்டோஸ் லேப்டாப்கள் நிறைய வெளிவந்தன. நம் கைபேசிகளில் இருக்கும் ஏஆர்எம் வகைச் சிப்தான் அதில் இருப்பது. சார்ஜ் நன்றாக நிற்கும், சூடு குறைவு. ஒரு மண்டோரின் மகன், இப்போது தோட்ட ஆபிசில் வேலை, அப்படி ஒன்றை ஆசையாக வாங்கி வந்தான். வீட்டில் எல்லாம் நன்றாக ஓடியது. ஆபிசில் ஆள்களின் வருகையைப் பதிய விரல்ரேகைக் கருவி ஒன்று வைத்திருந்தார்கள். அதை மாட்டினால் லேப்டாப் கண்டுகொள்ளவே இல்லை. கருவி கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டு வந்தான்.

வரியைப் பார்த்தேன். '64-பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், ஏஆர்எம் பிராசஸர்'. அங்கே கமாவுக்கு முன்னால் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 64 என்றுதான் இருக்கும். பின்னால் ஏஆர்எம் என்று வந்தால் அது வேறு பாஷை பேசும் சிப். விண்டோஸ் 11 இன்டெல் பாஷை நிரல்களை அங்கே மொழிபெயர்த்து ஓட்டிவிடும், அதனால்தான் வீட்டில் குறை தெரியவில்லை. டிரைவரை அப்படி மொழிபெயர்க்காது. ஏஆர்எம்64 என்று தனியாக எழுதிய டிரைவர் வேண்டும், அந்தக் கருவிக்கு அது இல்லை. "விற்கும்போது சொல்லலியே அக்கா" என்றான். கருவியை ஆபிஸின் பழைய மெஷினுக்கே மாற்றிவிட்டோம். அந்தப் பையனைப் போல கோலாலம்பூர் லோ யாட் கடைகளுக்கோ ராவாங் டவுனுக்கோ லேப்டாப் வாங்கப் போகிறவர்களிடம் இப்போது நான் சொல்வது ஒன்று. காசு கொடுப்பதற்கு முன், கடையில் திறந்து வைத்திருக்கும் மெஷினிலேயே அபௌட் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். உங்களிடம் இருக்கும் கருவிகளின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

ஆப்பிளில் இவ்வளவு தொல்லை இல்லை. ஆப்பிள் மெனுவில் முதல் வரியைத் திறந்தால், சிப் என்று போட்டு எம்1, எம்2 என்று வந்தால் ஏஆர்எம். பிராசஸர் என்று போட்டு இன்டெல் என்று வந்தால் பழைய வகை. எம்1 வந்தது 2020 நவம்பரில். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் எங்கள் ஊரில் ஐந்தாறு பேர்தான். டெர்மினலில் யூநேம் கட்டளையோடு ஒரு சிறு கோடும் எம் எழுத்தும் தட்டினால் எக்ஸ்86-64, ஐ686, ஏஆர்க்64 என்று ஏதாவது ஒரு பெயர் வரும். இன்டெல் வகையில் 64, இன்டெல் வகையில் 32, ஏஆர்எம் வகையில் 64 என்று அந்த வரிசையிலேயே அர்த்தம்.

விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு நின்றது. அதிலிருந்து கடையில் இதே பேச்சுதான். விண்டோஸ் 11க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. '32-பிட், எக்ஸ்64' என்று இருக்கும் மெஷினைக் கொண்டுவருபவர்களிடம், மேலேயே ஏற்றிக்கொள்ளும் வழி இல்லை, 32இலிருந்து 64க்குப் போக அழித்துத்தான் போட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படிப் போடுவதானாலும் விண்டோஸ் 11 4 ஜிபி மெமரி, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி, ஓரளவு புதிய சிப் எல்லாம் கேட்கும். பழைய லேப்டாப்களில் பாதிக்கு மேல் அங்கேயே நின்றுவிடுகின்றன. லினக்ஸ் பக்கமும் கதவு சாத்திக்கொண்டுதான் வருகிறது. 32-பிட் சிப்புகளுக்கு நெடுங்காலம் இடம் கொடுத்த டெபியன் என்ற லினக்ஸ் வகைகூட 2025இல் வந்த 13ஆம் பதிப்பில் அவற்றுக்கான நிறுவல் கோப்பை நிறுத்திவிட்டது.

அழித்துப் போடுவதற்கு முன் இப்போது நான் செய்வது, மெஷினுக்குச் சொந்தக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இதுல தினம் என்னென்ன திறப்பீங்க, ஒவ்வொண்ணா திறந்து காட்டுங்க" என்று கேட்பது. படத்தையும் கடிதத்தையும் எல்லாரும் நினைவாகச் சொல்வார்கள். ரசீது நிரல், பழைய ஸ்கேனர், கல்யாணக் கார்டு அடிக்கும் அந்தக் காலத்து எழுத்துரு நிரல், இவையெல்லாம் திறந்து காட்டும்போதுதான் வெளியே வரும். வேலை முடிந்ததும் மெஷினுக்கு அடியில் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி, விண்டோஸ் எத்தனை பிட், சிப் எது, என்றைக்குப் போட்டது என்று பேனாவால் எழுதிவிடுகிறேன்.

கோயில் மெஷின் இன்னும் 32-பிட் விண்டோஸ் 10இல்தான் இருக்கிறது. இணையக் கம்பியைக் கழற்றிவிட்டோம். ரசீதுக்கு இணையம் எதற்கு? போன வாரம் மாமா கூப்பிட்டார். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் தேய்ந்துவிட்டது, யாரோ இன்னொன்று உபயமாகத் தருகிறார்களாம்.

"நான் பெட்டியைத் திறக்கலம்மா. முதல்ல உன்கிட்ட கேட்டுக்கலாம்னு இங்கே ஸ்க்ரீன் முன்னாடி உட்கார்ந்திருக்கேன். படிக்கட்டுமா?"

"படிங்க மாமா. கமாவுக்கு முன்னால என்ன இருக்கு?"

"முப்பத்திரண்டு."

"அப்போ கொடுக்கிறவங்ககிட்ட 32-பிட் டிரைவர் இருக்கான்னு கேளுங்க. பின்பக்கம் அந்த அகலமான பழைய போர்ட் இருக்கான்னும் பாருங்க. ரெண்டும் இருந்தா பெட்டியைத் திறங்க, நான் சாயந்தரம் கடையைச் சாத்திட்டு வர்றேன்."